ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை

போன வாரம் புதன்கிழமை மத்தியானம், முப்பத்துநான்கு பிள்ளைகள் உட்கார்ந்திருந்த ஒரு வகுப்பறையில், ஏழாவது படிக்கும் பெண் ஒருத்தி எழுந்து நின்று என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள்.

"சார், இதுல நான் எழுதுனது எது சார்?"

அவள் கையில் இருந்தது இந்தப் பத்திரிகைதான். விரித்துப் பிடித்திருந்தது இதே பக்கம்தான். அதில் கொட்டை எழுத்தில் அவள் பெயர்.

வாராவாரம் உங்களோடு வாய் ஓயாமல் பேசுகிறவன்... கரும்பலகையைப் பார்த்தேன். ஜன்னலைப் பார்த்தேன். அவளை மட்டும் பார்க்கவில்லை.

வழக்கமாகப் படிக்கிறவர்களுக்கு ஞாபகம் இருக்கும். காரைக்கால்மேட்டு மாணவி வினோதினி எழுதியது என்று இங்கே ஒன்றைப் போட்டிருந்தேன். கடல், காணாமல் போன தோழி, மணலில் கிடைத்த சிவப்பு ரிப்பன்... படித்துவிட்டு அழுததாக நிறையப் பேர் கடிதம் எழுதினீர்கள். அடுத்த வாரம் அந்தக் கடிதங்களையும் போட்டுப் பெருமைப்பட்டுக்கொண்டேன். மாணவியின் எழுத்துக்கு நான் கொடுத்திருந்த முன்னுரையின் கடைசி வரி இது: 'ஒரு எழுத்தைக்கூட நான் மாற்றவில்லை.'

அது பொய். சின்னப் பொய்யும் இல்லை. நடந்ததை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

கடலோரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் கல்பனா டீச்சர் தமிழ் எடுக்கிறார். முப்பது வயதிருக்கும். கோட்டுச்சேரியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவர். ஒரு நாள் நான் வேலை பார்க்கும் ஆபீஸுக்கே தேடி வந்துவிட்டார்.

"சார், என் பிள்ளைங்களுக்கு எழுதத் தெரியும். எழுதலாம்ங்கிறதுதான் தெரியாது. நீங்க வந்து கொஞ்சம் பேசுங்களேன். எழுத்தாளர் ஒருத்தர் எதிர்ல உக்காந்திருந்தா அதுங்களுக்கும் ஒரு தைரியம் வரும்."

எழுத்தாளர் என்று யாராவது சொல்லிவிட்டால் நான் உருகிவிடுவேன். புதன்கிழமைகளில் கடைசி இரண்டு பீரியட் என்று முடிவானது. ஆபீஸில் பர்மிஷன் போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

முதல் புதன், 'எங்கள் ஊர்' என்று தலைப்புக் கொடுத்தோம். முப்பத்துநான்கு பேரும் ஒரே கட்டுரையை எழுதினார்கள்! 'எங்கள் ஊர் இயற்கை எழில் கொஞ்சும் ஊர். இங்கே நீரோடைகள் சலசலக்கும். மலைகள் வானை முட்டும்.' காரைக்கால் பக்கம் மலையா? மேடு என்று ஊர்ப் பெயரில் இருப்பதுதான் எங்களுக்குத் தெரிந்த அதிகபட்ச உயரம். எல்லாம் கைடு செய்கிற வேலை. அதில் இருப்பதை எழுதினால் மார்க். இல்லாததை எழுதினால் சிவப்பு மை. பிள்ளைகள் எதைத் தேர்ந்தெடுப்பார்கள்?

"தப்பையெல்லாம் திருத்திக் குடுத்துடட்டுமா டீச்சர்?" என்று பேனாவைத் திறந்தேன்.

"இப்ப வேணாம் சார். மொதல்ல எழுதட்டும். நீங்க ஒரு வரிய அடிச்சீங்கன்னா, அடுத்த வாரம் பாதிப் பேரு திரும்பக் கைடுக்கே ஓடிடுவாங்க."

சரி என்று மூடிவிட்டேன். மனசுக்குள் மட்டும், 'திருத்தாமல் எப்படி வளரும்?' என்று ஒரு முணுமுணுப்பு.

இரண்டாவது புதன், டீச்சர் வேறு தலைப்புக் கொடுத்தார். உங்க வீட்டுல நடந்தது, எந்தக் கைடுலயும் இல்லாதது. அவ்வளவுதான். கால் மணி நேரம் யாரும் எழுதவில்லை. பேனா மூடியைக் கடித்தார்கள். அப்புறம் ஒவ்வொருவராகக் குனிந்தார்கள்.

வினோதினி அரைப் பக்கம் எழுதினாள். சுனாமி வந்து மூன்று வருஷம் ஆகிறது. அவள் குடும்பம் கடலோரத்திலிருந்து புதுக் குடியிருப்புக்கு மாறி ஒன்றரை வருஷம். அவள் எழுதியதை எனக்கு நினைவிருக்கிறபடி சொல்கிறேன்:

'எங்க குடியிருப்புல எல்லா வீடும் ஒரே மாதிரி இருக்கும். எல்லாத்துக்கும் ஒரே பெயிண்ட். குடி வந்த புதுசுல எங்க அப்பா கடலுக்குப் போயிட்டு வந்து, அடுத்த தெரு வீட்டுக்குள்ள போயி உக்காந்து டீ கேட்டாங்க. அந்த வீட்டு அம்மாவும் ஒண்ணும் சொல்லாம போட்டுக் குடுத்துட்டாங்க. அப்பா குடிச்சிட்டு, என்ன இன்னைக்கு டீ நல்லா இருக்குன்னு சொன்னாங்க. அப்புறம்தான் நிமிர்ந்து பாத்தாங்க. எங்க அம்மா நாலு நாளு அப்பாவுக்கு டீ போடல.'

வகுப்பே உருண்டு சிரித்தது. வினோதினியும் சிரித்தாள். நானும்தான். ஆனால் சிரிக்கும்போதே, எனக்குள் இருக்கும் பத்திரிகைக்காரன் வேறெதையோ மோப்பம் பிடித்துவிட்டான்.

"இதுக்கு முன்னாடி எங்கம்மா இருந்தீங்க?"

"கடலோரம் சார்."

"அந்த வீடு?"

"போயிடுச்சு சார்."

"அதை எழுதேன்!"

அவள் சிரிப்பு நின்றது. "அது வேணாம் சார். அதத்தான் நோட்டு எடுத்துக்கிட்டு வந்தவங்க எல்லாரும் கேட்டு எழுதிக்கிட்டுப் போயிட்டாங்களே."

எவ்வளவு தெளிவாகச் சொன்னாள்! காதில் விழுந்தது. மண்டையில் ஏறவில்லை.

"நீ எழுதலையேம்மா. நீ எழுதணும்."

"விட்டுடுங்க சார், அவளுக்கா எப்பத் தோணுதோ அப்ப எழுதட்டும்" என்றார் டீச்சர், மெதுவாக. நான் விடவில்லை. பெரிய எழுத்தாளர் கேட்கிறார், ஏழாம் வகுப்புப் பெண் எத்தனை தடவைதான் மாட்டேன் என்பாள்? நாலே வரி எழுதிக் கொடுத்தாள்.

'அன்னைக்கு ஞாயித்துக்கிழமை. எங்க வீடு போச்சு. எங்க அத்தை மக ரேவதியும் போயிட்டா. அவதான் எனக்குக் கணக்கு சொல்லித் தருவா.'

அந்தத் தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். அவளிடம் கேட்கவில்லை. டீச்சரிடமும் கேட்கவில்லை. மறுநாள் காலை பத்திரிகைக்கு மேட்டர் அனுப்பியாக வேண்டும். கையில் வேறு சரக்கில்லை. உண்மையைச் சொல்ல உட்கார்ந்துவிட்டு இதை மட்டும் மறைப்பானேன்?

சாயங்காலம் உட்கார்ந்தேன். நாலு வரி நாற்பது வரியானது. கடல் சீறியது, அலை பேசியது. ரேவதி என்ற, நான் பார்த்தே இராத பெண்ணுக்கு இரட்டைப் பின்னல் போட்டேன். சிவப்பு ரிப்பன் கட்டினேன். அந்த ரிப்பன் ஒரு வாரம் கழித்துக் கரையில் வினோதினிக்குக் கிடைத்ததாகவும், அதை இன்றைக்கும் புத்தகப் பைக்குள் ஒளித்து வைத்திருப்பதாகவும் எழுதினேன். எழுதி முடித்ததும் இரண்டு தடவை நானே படித்து ரசித்தேன்.

பத்திரிகை வந்ததும் என் மனைவி படித்துவிட்டு, "ஏழாவது படிக்கிற புள்ள இப்படியா எழுதும்?" என்று கேட்டாள்.

"திறமை!" என்றேன். கூசாமல்.

அப்புறம் காலாண்டுப் பரீட்சை, லீவு. பள்ளிக்கூடம் திறந்த புதன்கிழமை, பத்திரிகை பத்துப் பிரதியும் உங்கள் கடிதக் கட்டும் எடுத்துக்கொண்டு போனேன். வாசலிலேயே கல்பனா டீச்சர் நின்றிருந்தார்.

"சார், கிளாஸுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு விஷயம் பேசணும்..."

"அப்புறம் பேசலாம் டீச்சர்!"

உள்ளே போய்ப் பத்திரிகையை விநியோகித்தேன். கடிதங்களை வாசித்தேன். பிள்ளைகள் கை தட்டினார்கள். அப்போதுதான் வினோதினி எழுந்தாள். அப்போதுதான் அந்தக் கேள்வி.

நான் சமாளிக்கப் பார்த்தேன். "எழுத்துல கொஞ்சம் கற்பனை சேக்கிறது உண்டும்மா. அப்பதான்..."

"ரிப்பன் எங்க இருக்குன்னு அத்தை கேக்குறாங்க சார்."



"யாரு?"

"ரேவதி அம்மா. பக்கத்து வீட்டு அண்ணன் அவங்களுக்குப் படிச்சுக் காட்டிருச்சு. லீவு பூரா கேட்டாங்க. என் பைய கொட்டிப் பாத்தாங்க. எங்கம்மாவும், ஏண்டி ஒளிச்சு வச்சேன்னு அடிச்சிட்டாங்க. நான் எழுதலன்னு சொன்னா யாருமே நம்பல சார். ஒரு எழுத்துகூட மாத்தலன்னு போட்டிருக்குல்ல?"

அவள் அழவில்லை. பத்திரிகையை மடித்துக்கொண்டே சொன்னாள்:

"உங்க பேரு போட்டே எழுதிருக்கலாம்ல சார்?"

பிள்ளைகளை மிரட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்; பிரம்பெடுத்து அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றியெல்லாம் இந்தப் பக்கத்தில் காரசாரமாக எழுதியிருக்கிறேன். ஒரு குழந்தை தன் வார்த்தையைத் தன் வீட்டில்கூட நிரூபிக்க முடியாமல் செய்தவன் நான். அதுவும், 'உன் சொந்த வார்த்தையில் எழுது' என்று சொல்லிக்கொண்டே!

பள்ளிக்கூடம் விட்டதும் நானும் டீச்சரும் வினோதினியோடு அந்தக் குடியிருப்புக்கு நடந்தோம். திரும்பிப் போய்விடலாமா என்று இரண்டு இடத்தில் எனக்குத் தோன்றியது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

அத்தை பெயர் செல்வி. மீன் விற்றுவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். கூடையைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். வினோதினியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்குப் பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. நான் உட்காரவில்லை.

"அம்மா, பத்திரிகையில அந்தக் கதையை எழுதினது நான்தான். இந்தப் பொண்ணு எழுதல. ரிப்பன்னு ஒண்ணு கிடைக்கவே இல்ல. நானா சேர்த்தது."

அவர் என்னைப் பார்த்தார். டீச்சரைப் பார்த்தார்.

"அப்ப ரிப்பன் இல்லீங்களா?"

"இல்லம்மா."

"கலருகூடப் போட்டிருந்துச்சே..."

அதற்கு நான் என்ன சொல்வது? இருபது நாள் முன்னால் என் மேஜையில் உட்கார்ந்து, நீலமா, சிவப்பா என்று யோசித்து, சிவப்புதான் எடுப்பாக இருக்கும் என்று முடிவு செய்ததைச் சொல்வதா?

செல்வியம்மாள் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"பள்ளிக்கூடத்துக்குப் போறப்பதாங்க ரிப்பன் கட்டுவா. அன்னைக்கு ஞாயித்துக்கெழம. தலைகூட வாரிக்கல. எனக்குத் தெரியுங்க... தெரிஞ்சுகிட்டேதான் தேடுனேன்."

பக்கத்து வீட்டு டிவி மட்டும் பேசிக்கொண்டிருந்தது. பிறகு அவர் தலையைத் திருப்பாமலே, "உள்ள வாடி. ஏன் அங்கயே நிக்கிற?" என்றார். வினோதினி ஓடிப்போய் அவர் பக்கத்தில் ஒட்டிக்கொண்டாள். அவள் தலையில் கையை வைத்துக்கொண்டே அத்தை என்னிடம் கேட்டார்:

"பேப்பர்ல பொய்யும் போடுவீங்களாங்க?"

திட்டவில்லை. தெரிந்துகொள்வதற்காகத்தான் கேட்டார். அதனால்தான் தாங்க முடியவில்லை.

"தப்புதாம்மா."

"அப்ப அதுலயே போட்டுடுங்க, பொய்யின்னு. இந்தப் புள்ளையத் தெருவுல எல்லாரும் ஒரு மாதிரிப் பாக்குறாங்க."

இதோ, போட்டுவிட்டேன்.

திரும்பும்போது பஸ் ஸ்டாப்பில் டீச்சரிடம், "இனிமே நான் வரலை டீச்சர்" என்றேன்.

"வாங்க சார். வராம இருந்துட்டீங்கன்னா, தப்புப் பண்ணா ஓடிடலாம்னு பிள்ளைங்க கத்துக்கும். பேனா மட்டும் கொண்டு வராதீங்க."

நேற்று மறுபடியும் புதன்கிழமை. போனேன். வகுப்புக்கு முன்னால் நின்று மன்னிப்புக் கேட்டேன். அப்புறம் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டேன், வெறுங்கையோடு. அங்கிருந்து பார்த்தபோதுதான் கல்பனா டீச்சர் செய்வது என்னவென்று விளங்கியது. எழுதியவர் வாசிக்க வேண்டும். மற்றவர்கள் கேள்வி மட்டும் கேட்கலாம். எதை மாற்றுவது என்பதை எழுதியவர்தான் முடிவு செய்ய வேண்டும். டீச்சர்கூட அந்த நோட்டைத் தொடுவதில்லை.

பர்வீன் என்று ஒரு பெண், பக்கத்து ஊரிலிருந்து வருகிறவள், 'சலசலக்கும் நீரோடை' என்று வாசித்தாள். "எங்கடி இருக்கு அது?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். பர்வீன் யோசித்தாள். "எங்க தெருவுல சாக்கடைதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, அவளே பேனாவை எடுத்து அடித்தாள். யாரும் அடிக்கச் சொல்லவில்லை. அவள் முகத்தில் ஒரு தெம்பு... நான் இத்தனை வருஷத்தில் திருத்திக் கொடுத்த எந்தப் பிள்ளை முகத்திலும் பார்க்காத தெம்பு.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொந்தமாக நாலு வரி எழுதத் தெரியவில்லை என்று நாம் எவ்வளவு அலுத்துக்கொள்கிறோம்! எழுதிய நாலு வரியை யார் விட்டுவைத்தோம்? ஆசிரியர் அடித்துத் திருத்துகிறார், அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தருகிறார், என்னைப் போன்றவன் திருடிக்கொண்டு போகிறான்.

மணி அடித்ததும், முந்தின நாள் வரை எழுதிச் சட்டைப் பையில் வைத்திருந்த இந்தக் கட்டுரையை வினோதினியிடம் கொடுத்தேன். "உன் பேரு வருது. அத்தை பேரு வருது. படிச்சுப் பாரு. வேணாம்னா அனுப்பல."

இன்று காலையே திருப்பிக் கொடுத்தாள். பேரெல்லாம் இருக்கலாமாம். அத்தைக்கும் படித்துக் காட்டிவிட்டாளாம். ஒரே ஒரு இடத்தில் மட்டும் பென்சிலால் கோடு போட்டிருந்தாள்.

"என்னம்மா, பிழையா?"

"இல்ல சார். எங்க அத்தை வீட்டுல நீங்க அழுததா எழுதிருக்கீங்க. நீங்க அழல சார். தண்ணி வாங்கிக் குடிச்சீங்க."

அந்த வரியை எடுத்துவிட்டேன். தண்ணீர்தான் குடித்தேன்.