பேத்தி பிறந்த அன்று கொடுவாக்கள் சாப்பிடவில்லை

பல்கலைக்கழகத்தின் கடல் ஆராய்ச்சிக் கூடத்தில் அவரை எல்லோரும் மோட்டார் என்றுதான் கூப்பிடுவார்கள். கடல் தண்ணீரை இழுத்துத் தொட்டிகளில் ஏற்றும் மோட்டாரை ஓட்டத்தான் வேலைக்கு வந்தார். அதற்கு முன்னால் விசைப்படகில் போய்க்கொண்டிருந்தார். படகில் ஏறிய முதல் நாளிலிருந்து இறங்கிய கடைசி நாள் வரை வாந்தி எடுத்துக்கொண்டே இருந்தவர் அவர். "கடல் உனக்கு ஒத்துக்கல. நீ கரையில இருந்தே பாத்துக்கோப்பா" என்று படகுக்காரர் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பி வைத்தார். அந்த வாக்கு அப்படியே பலித்தது. கடலைக் குழாய் வழியாகத் தன்னிடம் வரவழைத்துக்கொள்ளும் வேலை மோட்டாருக்குக் கிடைத்தது.

அந்தக் கூடத்தில் அவர் பார்க்காத ஆராய்ச்சி கிடையாது. இறால் வந்தது, போனது. கடல்பாசி வந்தது, போனது. முத்துச்சிப்பி வந்தது, முத்து வருவதற்குள் அதுவும் போனது. மேலிடத்திலிருந்து நிதி வரும்வரை தொட்டியில் தண்ணீர் ஓடும். நிதி நின்றால் தண்ணீரும் நிற்கும். இறால் திட்டம் முடிந்தபோது தாய் இறால்களை வாசலிலேயே ஏலம் விட்டார்கள். பெயர் வைத்து வளர்க்காத குறைதான். அன்றைக்கு மோட்டார் வீட்டில் இறாலைச் சமைத்து வைத்த மனைவியிடம், "நம்ம வீட்டுப் பிள்ளைய நீ தின்னுவியா?" என்று கேட்டுவிட்டுத் தட்டைத் தள்ளிவிட்டார். அந்த அம்மாள் மூக்கின் மேல் விரலை வைத்தவள்தான், இன்னும் எடுக்கவில்லை.

இப்போது ஓடுவது கொடுவா மீன் திட்டம். பெரிய வட்டத் தொட்டி. அதில் ஆள் கை நீளத்துக்குத் தாய்மீன்கள். கொடுவாவை வளர்க்க வேண்டுமானால் கடலிலிருந்து சின்ன மீன்களையும் கணவாயையும் கூடை கூடையாக அள்ளி வந்து போட வேண்டும். ஒரு மீனை வளர்க்கப் பத்து மீனைக் கொல்வது என்ன நியாயம் என்று திட்டத்தை நடத்தும் புரொபசர் அம்மா யோசித்தார். சோயாவையும் புழு மாவையும் சேர்த்துக் குச்சி குச்சியாக ஒரு தீவனம் செய்ய வைத்தார். கணவாய் தின்று வளர்ந்த வாய்க்கு அது லேசில் பிடிக்குமா? மாதக்கணக்கில் கெஞ்சிக் கூத்தாடி, கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து போட்டு, கடைசியில் குச்சியை மட்டும் தின்னும் பழக்கத்துக்கு அவற்றைக் கொண்டுவந்திருந்தார்கள்.

அந்தத் தீவனத்தை அரைத்துக் காய்ச்சிப் பிழிந்து எடுப்பவர் மோட்டாரின் மனைவியுடைய தம்பி. எல்லோருக்கும் அவர் தீவனக்காரர். இருவரும் ஒரே கூடத்தில் வேலை செய்வதால் சண்டைக்கு வேறு இடம் தேட வேண்டியதில்லை.

"மச்சான், உன் மீனு என் கையாலதான் சாப்பிடுது. ஞாபகம் வெச்சுக்கோ" என்பார் தீவனக்காரர்.

"உன் அக்கா கையால நான் சாப்பிடலையா மாப்ள? எதைப் போட்டாலும் சாப்பிடுற பழக்கம் எங்க பக்கத்துல உண்டு" என்பார் மோட்டார்.

நிதி கொடுக்கும் இடத்திலிருந்து ஒரு குழு வரப்போகிறது என்று தகவல் வந்தது. மீன்கள் அந்தத் தீவனத்தைத் தின்பதை நேரில் பார்த்தால் அடுத்த கட்டத்துக்குப் பணம் வரும். தின்னாவிட்டால் திட்டம் அதோடு சரி. தாய்மீன்களும் இறால் போன வழியில் ஏலத்துக்குப் போகும்.

குழு வரும் அன்றைக்கு, விடிந்தும் விடியாத வேளையில், கூடத்துக்கு வந்ததும் வராததுமாக மோட்டாரின் கைப்பேசி அடித்தது. மனைவிதான், மகளைப் பிரசவத்துக்குச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரியிலிருந்து. "பேத்தி பொறந்திருக்கா! தாயும் பிள்ளையும் சௌக்கியம். உன் மூக்கு அப்படியே இருக்கு, பாவம்."

மோட்டாருக்குத் தலைகால் புரியவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும். கூடத்தில் ஓர் ஆள் இல்லை. தொட்டியைத்தான் போய்ப் பார்த்தார். தாய்மீன்கள் பாட்டுக்குச் சுற்றி வந்துகொண்டிருந்தன. "ஏம்மா, கேட்டீங்களா? நான் தாத்தா ஆயிட்டேன்" என்றார். சொன்னால் போதுமா? வெறுங்கையோடா நல்ல செய்தி சொல்வது? முட்டையிடும் பருவத்துக்கென்று குளிர்ப்பெட்டியில் கணவாய் இருந்தது. ஒரு வாளி எடுத்துத் தண்ணீரில் ஊறவைத்துக் குளிர் விட்டதும் கவிழ்த்துவிட்டார். மீன்கள் எகிறி எகிறித் தின்றன. அவருக்கு வாயெல்லாம் பல்.

வெயில் ஏறியதும் குழு வந்தது. தலைவர் ஒல்லியான மனிதர். சிரிப்பதற்கும் ரசீது கேட்பவர் போல இருந்தார். கூட ஓர் அம்மாளும் ஓர் ஐயாவும். புரொபசர் அம்மா தாய்மீன் தொட்டியையும், இடம் பற்றாத சின்னக் குஞ்சுத் தொட்டியையும் காட்டி விளக்கம் சொன்னார். தீவனக்காரர் புதுச்சட்டை போட்டுக்கொண்டு கூடையை ஏந்தி நின்றார். ஒரு கை அள்ளித் தொட்டியில் வீசினார்.

குச்சிகள் மிதந்தன. ஒரு மீன் மேலே வந்து பார்த்தது. வயிறு புடைக்கச் சாப்பிட்டவனிடம் இன்னொரு கரண்டி சோற்றை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வானே, அப்படித் திரும்பிக்கொண்டு கீழே போய்விட்டது. மற்றவை அடியில் கிடந்தபடி துடுப்பை மட்டும் ஆட்டின.

"இந்தத் தீவனத்தத்தான் தின்னுதுன்னு எழுதி அனுப்பியிருந்தீங்க" என்றார் தலைவர்.

"தின்னும் சார். தினமும் தின்னும்" என்றார் புரொபசர் அம்மா. முகத்தில் ஈயாடவில்லை.

"இன்னைக்கு மட்டும் விரதமா?"

மோட்டார் கணக்குப் போட்டுப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டிருந்தால் தீவனம் தோற்றுப்போனதாக எழுதிவிடுவார்கள். வாயைத் திறந்தால் தன் தலை உருளும். மீன்களைப் பார்த்தார். திறந்துவிட்டார்.

"சார், தப்பு என் மேலதான். காலையில எனக்குப் பேத்தி பொறந்திருக்கு."

"சந்தோஷம். அதுக்கும் மீனுக்கும் என்ன சம்பந்தம்?"

"யார்கிட்டயாவது சொல்லணும்னு துடிச்சுது சார். இங்க இதுங்கதான் இருந்துச்சு. வெறும் வாயால சொல்ல மனசு வரல. ஒரு வாளி கணவாய் போட்டுட்டேன்."

தீவனக்காரர் கூடையைக் கீழே வைத்தார். "கணவாயா? அட பாவி மச்சான்! நான் ஒரு கூடை தீவனம் போட்டிருக்கேன், அதுக்கு மேலயா போட்ட?"

"நீ எப்ப போட்ட?"

"நீ வர்றதுக்கு முன்னாடியே. போட்டுட்டுத்தான் சட்டை மாத்தப் போனேன். வந்தவங்க கண்ணுக்கு ஒட்டின வயிறாத் தெரிஞ்சா என் தீவனத்தத்தானே குறை சொல்லுவாங்க?"

புரொபசர் அம்மா மெல்ல இருமினார். "நானும்... நேத்து வீட்டுக்குப் போகும்போது... ரெண்டு தட்டு தீவனம் போட்டேன். மனசு கேக்கல."

கூட வந்த அம்மாள் சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பணம் கேக்கிறவங்க இல்லாததை இருக்குன்னு காட்டுவாங்க. நான் நிறையப் பாத்திருக்கேன். நீங்க இருக்கிறதையும் இல்லாமப் பண்ணிட்டு நிக்கறீங்களே!" என்றார். "ஆனா கண்ணால பாக்காம நான் எழுத மாட்டேன். நாளைக்கு ஊருக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி வரேன். தின்னா எழுதறேன். தின்னலன்னா அதையும் எழுதறேன்."

அவர்கள் போனதும் புரொபசர் அம்மா தொட்டிச் சுவரில் சாய்ந்துவிட்டார். மீன்களுக்குப் பசி வந்துவிடும், அதைப் பற்றிக் கவலை இல்லை. கணவாய் ருசி மறுபடி நாக்கில் பட்டுவிட்டதே, இனிமேல் குச்சியைத் தொடுமா? அதுதான் யாருக்கும் தெரியவில்லை.

"திட்டறதுன்னா திட்டிடுங்கம்மா" என்றார் மோட்டார்.

"ரெண்டு தட்டு போட்டவ யாரைத் திட்டறது? நீங்க ஆஸ்பத்திரிக்குப் போங்க. இங்கயே இருந்தா பாவம்னு இன்னொரு வாளி கவுப்பீங்க."

"நீங்கம்மா?"

"நானும் கிளம்பறேன். என்மேலயும் எனக்கு நம்பிக்கை இல்ல."

வாசல் காவல்காரரைக் கூப்பிட்டு, தங்கள் மூவரில் யார் வந்தாலும் தொட்டிப் பக்கம் விடக்கூடாது என்று புரொபசர் அம்மாவே உத்தரவு போட்டார். காவல்காரருக்கு அப்படி ஓர் உத்தியோக உயர்வு அதுவரை கிடைத்ததே இல்லை.

ஆஸ்பத்திரியில் மகள் களைத்துப் படுத்திருந்தாள். மோட்டார் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். எவ்வளவு கழுவினாலும் மீன் வாடை போகாது என்று தெரிந்தும் கழுவினார். துணியில் சுற்றிய பொட்டலத்தை மனைவி அவர் கையில் வைத்தாள். உள்ளங்கைக்கு அடங்கும் தலை. இமையில் பூனைமுடி போல நாலு முடி. சுண்டுவிரலை நீட்டினார், இறுக்கிப் பிடித்துக்கொண்டது. அப்பாடி, என்ன பிடி! படகில் நங்கூரக் கயிறு பிடித்தவன்கூட இப்படிப் பிடித்ததில்லை.

"என்னப்பா, கண்ணு கலங்குது?" என்றாள் மகள்.

"நாளைக்கு மீனு சாப்பிடணும்மா."

"பேத்தியக் கையில வெச்சுக்கிட்டுப் பேசற பேச்சப் பாரு! என்னைக் கட்டிக்கிட்ட அன்னைக்கும் இந்த ஆளு மோட்டாரப் பத்தித்தான் பேசிச்சு" என்றாள் மனைவி.

நடந்ததைச் சொன்னார். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வைக்காதீங்கப்பா, வலிக்குது" என்றாள். மனைவி மட்டும் சிரிக்கவில்லை. "என் தம்பியும் சேர்ந்தா? குடும்பமே விளங்கிடும்" என்றாள். பிறகு கொஞ்சம் இறங்கி வந்து, "பசிச்சா தின்னும்யா. பச்சப்பிள்ளைக்கே அது தெரியுது" என்றாள்.

காலையில் குழு வந்தபோது மூவரும் தொட்டியிலிருந்து தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். காவல்காரர் நெஞ்சை நிமிர்த்தி, "ஒருத்தரையும் விடல சார்" என்றார். தலைவர் கூடையைத் தானே வாங்கிக்கொண்டார். ஒரு கை வீசினார்.

குச்சிகள் மிதந்தன. சத்தமே இல்லை. தீவனக்காரரின் விரல்கள் மோட்டாரின் முழங்கையில் பதிந்தன. எல்லாவற்றிலும் பெரிய தாய்மீன் மெல்ல எழும்பி வந்தது. ஒரு குச்சியின் பக்கத்தில் வந்து நின்று யோசித்தது. கீழே போயிற்று.

"போச்சு மச்சான்" என்றார் தீவனக்காரர், உதடு அசையாமல்.

"பொறு மாப்ள. முகத்தக் கழுவிட்டு வரப் போயிருக்கும்."

பெரிய மீன் மறுபடி வந்தது. வாயைத் திறந்தது. 'டப்' என்று ஒரு சத்தம். குச்சியைக் காணோம். அவ்வளவுதான். அடுத்த நொடி தொட்டி கொதித்தது. ஒன்றின் முதுகில் ஒன்று ஏறி, வாலால் அறைந்து, தண்ணீரை வாரி வாரி இறைத்தன. தலைவரின் சட்டை, கண்ணாடி, மீசை எல்லாம் உப்புத் தண்ணீர். அவர் நகரவே இல்லை. இன்னொரு கை போட்டார். அடுத்த கை போட்டார். வயது இறங்கிச் சின்னப்பிள்ளை ஆகிவிட்டார். "அந்த ஓரத்துல ஒண்ணு இருக்கு பாருங்க, அதுக்குக் கிடைக்கல!" என்று கூடையோடு அந்தப் பக்கம் ஓடினார்.

"போதும் சார்!" என்று மூன்று பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

தலைவர் நின்றார். கூடையைப் பார்த்தார், அவர்களைப் பார்த்தார், பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "இப்பத்தான் புரியுது, நீங்க ஏன் போட்டீங்கன்னு. அடுத்த கட்டத்துக்கு நல்லபடியா எழுதறேம்மா. குஞ்சு வளர்க்க இடம் பத்தலைன்னு சொன்னீங்களே, அதையும் சேர்த்துக் கேளுங்க" என்றபடி சட்டை நுனியைப் பிழிந்துகொண்டே வண்டிக்கு நடந்தார்.

வண்டி கண்ணுக்கு மறைந்தது. புரொபசர் அம்மா ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. தீவனக்காரருக்குக் காலே தரையில் பாவவில்லை. மோட்டார் தொட்டி விளிம்பில் கையை ஊன்றித் தாய்மீன்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். இவை எங்கும் போகப்போவதில்லை.

"எழுந்திரிங்கம்மா, சேலை நனையுது" என்றார். "குஞ்சுத் தொட்டிக்கு இன்னும் தண்ணி மாத்தல."