கை மைக்கில் சொன்ன சேதி

மலைப் பூங்காவின் கேட்டை ஒட்டிய டிக்கெட் கவுண்டரில் ஓர் ஆணியில் அந்தக் கை மைக் இன்னும் தொங்குகிறது. வாய்ப்பக்கத்துச் சிவப்பு வண்ணம் உதிர்ந்துவிட்டது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். நாலு பேர் கூடினாலே எனக்குக் குரல் எழும்பாது. கேட்டைத் திறந்து மூடும் வேலை பிடித்திருந்ததே, அதில் பேச்சு இல்லை என்பதால்தான். என் கையில் அந்த மைக்கைத் திணித்தவர் வனத்துறை ரேஞ்சரம்மா.

பனியில் கருகிய புல் வெயிலில் காய்ந்து கிடந்த மாசி மாதம். ஞாயிற்றுக்கிழமை மதியம் எதிர்ச் சரிவில் தீப்பிடித்தது. கூட்டம் பயந்துவிடக் கூடாதென்று, யாரோ குப்பை எரிக்கிறார்கள் என்று முதலில் சமாளித்தோம். புகை வெயிலையே மறைத்ததும் அந்தப் பொய் நிற்கவில்லை. பாதிப் பேர் ஓடிவந்து காரைக் கிளப்பினார்கள்; சில கார்கள் அதற்குள் சாலைக்கே போய்விட்டன. மீதிப் பேர் வீடியோ எடுக்கச் சாலைக்கு வந்தார்கள். ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய சாலை அது. தண்ணீர் லாரியும் அதில்தான் ஏறிவர வேண்டும். சரிவின் அடியில் எஸ்டேட் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயன் வீடுகள். அதில் ஒன்று என்னுடையது. என் மனைவியும் அக்கம்பக்கத்தாரும் பச்சைத் தழையால் தீயை அடித்துக்கொண்டிருப்பதாகப் போன் வந்திருந்தது.

ரேஞ்சரம்மா தீயை நோக்கிக் கிளம்பினார். "காத்து நம்ம பக்கம் இல்லண்ணா. எல்லாரும் புல்வெளியில இருக்கட்டும். லாரி போற வரைக்கும் ஒரு காரும் வெளிய போகக் கூடாது. நடக்கறத அப்பப்போ சொல்லுங்க."

"எனக்குப் பேச வராதுங்கம்மா."

"புதுசா ஒண்ணும் இல்லைன்னா, ஒண்ணும் இல்லைன்னே சொல்லுங்க. பேசாம மட்டும் இருக்காதீங்க."

மைக்கை வாயருகே கொண்டுபோனேன். "புகை அந்தப் பக்கமாப் போகுதுங்க. லாரி இன்னும் வரலைங்க," என்றேன். முன்னால் நின்ற காரிலிருந்து ஒருவர் கத்தினார்: "யோவ், கேட்டத் திற! தீ என்ன உன் வீட்லயா எரியுது?"

மைக்கை வாயிலிருந்து எடுக்காமலே பதில் சொல்லிவிட்டேன். "எங்க ஊட்டுக்கு மேலதாங்க எரியுது. என் சம்சாரம் அங்கதான் நிக்கறா. லாரி போகணுங்க."

பூங்கா முழுக்க அது கேட்டது. அந்த மனிதர் வண்டியை அணைத்தார். இறங்கிவந்து, சாலையில் நின்ற கார்களை அவரே ஒவ்வொன்றாக ஓரங்கட்டினார். அதன் பிறகு எனக்குப் பேச்சு நிற்கவில்லை. "புதுசா ஒண்ணும் இல்லைங்க" என்று நான் சொல்லும்போதெல்லாம் புல்வெளியிலிருந்து குழந்தைகள் "சரிங்க!" என்று கூவினார்கள். லாரி கேட்டுக்கு வெளியே சாலையில் கடந்துபோனபோது எல்லாரும் கைதட்டினார்கள். பொழுது சாய்வதற்குள் தீ அடங்கியது. வீட்டுச் சுவரில் கரி படிந்ததோடு சரி.

பிறகு ரேஞ்சரம்மாவுக்கு மாற்றலாகிவிட்டது. போன மாதம் தன் அம்மாவோடு டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து நின்றார்.

"ஏனுங்கண்ணா, இன்னைக்கு என்ன சேதி?"

"ஒண்ணும் இல்லைங்கம்மா."

ஆணியில் தொங்கிய மைக்கைப் பார்த்துச் சிரித்தார். "அத இவங்களுக்கெல்லாம் சொல்லீட்டீங்களா?"

பின்னால் வரிசை நீளமாக நின்றது. கூச்சம் இன்னும் போகவில்லை. ஆனாலும் எட்டி எடுத்தேன்.

"எதிர்ச் சரிவுல புல்லு பச்சையா இருக்குதுங்க. புகை எதுவும் இல்லைங்க."