அடுப்போடு பூட்டிய இரும்பு

‘1961 மார்ச் 19, புனித சூசையப்பர் திருநாள். என் தந்தை சீதனமாகக் கொடுத்த, என் பெயரின் முதலெழுத்துகள் செதுக்கிய வாஃபிள் சுடும் இரும்பு அச்சை, என் கணவரின் தம்பியாகிய நீங்கள் அன்று காலை அடுப்பின் மேல் பானை தொங்கவிடும் சங்கிலியில் கோத்துப் பூட்டினீர்கள். இதுவே என் குற்றச்சாட்டு.’

எழுதியதும் எர்சிலியா கார்பன் தாளைத் தூக்கி, நகலில் எழுத்து விழுந்திருக்கிறதா என்று பார்த்தாள். கணவன் இறந்தபின் அவள் விரும்பியது ஒன்றுதான்: சுல்மோனா நகரில் தங்கை பார்த்துவைத்த அறைக்குப் போய், கல்யாண வீடுகளுக்கு வாஃபிள் என்னும் மெல்லிய அச்சப்பம் சுட்டுக் கொடுத்து வாழ வேண்டும். அதற்குத் தன் இரும்பு வேண்டும். தன்னுடையது இருக்க வேறொன்று வாங்க அவள் தயாராக இல்லை.

பூட்டிய அன்றே கேட்டாள். கொழுந்தன் நுன்ஸியோ சிரித்தான்.

“உங்களோடதுதான் அண்ணி, யாரு இல்லன்னா? எப்ப வேணா சுடுங்க. திருட்டு பயத்துக்குத்தான் பூட்டு.”

“திருடன் வந்து மாவு கரைச்சு ஊத்துவானா?”

“உங்க வாய்க்கு ஒரு பூட்டு வாங்கணும்!”

செப்டம்பரில் அவன் மகளின் கல்யாணம் வந்தது. சுட்டுத் தரச் சொன்னார்கள், ஒப்புக்கொண்டாள். ஒவ்வொரு வாஃபிளிலும் தன் எழுத்து பதியும், ஊரார் கண்டால் யாராவது நியாயம் கேட்பார்கள் என்று நம்பினாள். சங்கிலி விட்ட தூரத்துக்கு மேல் நகர முடியவில்லை. நேரக் கணக்குக்கு, ஒரு பக்கம் வேகும்வரை ‘அருள் நிறைந்த மரியே’ செபம். திருப்பிப் பிடித்து, மறுபக்கத்துக்குப் பரலோக மந்திரம். தீயின் அனலில் முகம் காந்தியது.

விருந்தில் பக்கத்து வீட்டுப் பலோம்பா ஒரு வாஃபிளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

“உன் எழுத்துதானேடி இது?”

“ஆமா. எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லு.”

“ஊருக்கே தெரியுமே! அதனாலதான் நீ இங்கயே கிடக்கணும்ங்கறோம். நீ போயிட்டா என் பேத்தி கல்யாணத்துக்கு யாரு சுடுவா?”

மேசை முழுவதும் கைதட்டியது. நுன்ஸியோ எழுந்து மதுக் கிண்ணத்தை உயர்த்தினான்.

“எங்க அண்ணியோட இரும்பு! வாழ்க!”

எர்சிலியாவும் கிண்ணத்தை உயர்த்த வேண்டியதாயிற்று. இரும்பு அவளுடையது என்பதை மறுத்தால் வாதாடலாம். இங்கே ஒருவர்கூட மறுக்கவில்லை.

இன்று இரவுச் சாப்பாட்டின்போது எழுதி முடித்த கடிதத்தை நுன்ஸியோவின் தட்டருகே வைத்தாள்.

“ஒரே மேசையில சாப்பிடறோம், கடுதாசி எதுக்கு அண்ணி? இரும்பு உங்களோடதுதான்னு எத்தனை தடவ சொல்றது?”

எர்சிலியா கடைசிப் பத்தியை விரலால் சுட்டிக்காட்டினாள்.

‘வாய்மொழிப் பதிலை ஏற்க மாட்டேன், அது பலமுறை கிடைத்துவிட்டது. பூட்டை எந்தத் தேதியில் திறப்பீர்கள் என்பதைத் தங்கள் கையொப்பத்துடன் எழுத்தில் தெரிவிக்கவும்.’