மோதினாலும் நசுங்காத கார்

தீபாவளி மதியம். மாசாயில், வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் டெரஸ் வீட்டுக் கூடத்தில் இரண்டு டிவிகள் அடுத்தடுத்து நின்றன. இரண்டிலும் ஒரே சிவப்புக் கார். ஒரு டிவி அப்போது என் கணவராக இருந்தவருடையது. இன்னொன்றை என் அண்ணன் உலு திராமிலிருந்து போர்வையில் சுற்றி, பின்சீட்டில் கிடத்தி, கேம் பெட்டியோடு கொண்டுவந்திருந்தார். யாருடைய கேமில் கிராபிக்ஸ் உசத்தி என்பதுதான் வருடா வருடம் இருவருக்கும் தீபாவளி. முறுக்கைக் கடித்துக்கொண்டே கத்துவார்கள்.

கணவருக்கு ஷோரூம் மோடுதான் உயிர். கார் ஓடவே வேண்டாம். விளக்கொளியில் மெல்லச் சுழன்று, பெயிண்ட் மின்னினால் போதும். விருந்தாளிகள் முன்னால் என்னையும் அப்படித்தான் நிறுத்துவார், பட்டுப்புடவையும் நகையுமாக. கையில் கன்றிப்போன இடங்களை நீளக்கை ரவிக்கை பார்த்துக்கொண்டது. அடி வாங்குவதை நான் யாரிடமும் சொன்னதில்லை. வெட்கம்தான், வேறென்ன.

அண்ணன் நேர் எதிர். பாசிர் கூடாங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற மனிதர். எந்த கேம் வாங்கினாலும் முதலில் காரைச் சுவரில் மோதிப் பார்ப்பார். "நிக்கிற வண்டி எதுதான் அழகா இல்ல? இடிச்சாத்தான் தெரியும்லா" என்பார்.

அன்றும் இடித்தார். அவர் திரையில் பம்பர் கழன்று தொங்கியது, கண்ணாடி நொறுங்கியது. பிறகு கணவரின் கன்ட்ரோலரை வாங்கி அதே வேகத்தில் மோதினார். கார் பந்துபோல் துள்ளித் திரும்பியது, ஒரு கீறல் இல்லை.

"அலமாக்! என்ன மச்சான், இவ்ளோ அடி வாங்கியும் பளபளன்னு நிக்குது? சும்மா ஷோவுக்குத்தானா?"

அண்ணனோடு வந்திருந்த அண்ணி வாய்விட்டுச் சிரித்தார். கணவர் எழுந்தார். அந்த முகம் எனக்குத் தெரியும். கன்ட்ரோலரைப் பிடுங்கி அண்ணன் முகத்தில் ஓங்கி அடித்தார். மறுபடியும் அதே இடத்தில் அடித்தார். புருவம் கிழிந்து ரத்தம் முறுக்குத் தட்டில் கொட்டியது. அண்ணன் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துச் சுவரோடு சாத்த, ஒரு டிவி சரிந்து விழுந்து உடைந்தது. அண்ணன் கையை ஓங்கினார். ஓங்கிய கை இறங்கவில்லை. அவர் என்னைப் பார்த்துவிட்டார்.

நான் எட்டாத தூரத்தில், எதிர்மூலையில் இருந்தேன். யாரும் என்னை நெருங்கவே இல்லை. ஆனாலும் இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு, சுவரோடு ஒண்டி உட்கார்ந்திருந்தேன். உடம்பு பழக்கத்தில் தானாகச் செய்துவிட்டது.

"தங்கச்சி... உன்னையும் அடிக்கிறானா?"

"இது எங்க குடும்ப விஷயம்" என்றார் கணவர்.

அண்ணன் அவர் பக்கம் திரும்பவில்லை. கண்ணுக்குள் ரத்தம் இறங்கியும் துடைக்காமல் என் பதிலுக்காக நின்றார்.

இப்போது நான் உலு திராமில் தனியாக இருக்கிறேன். அன்று பட்ட அடியில் அண்ணனுக்கு இடது கண் சரியாகத் தெரிவதில்லை. திரையை ஒட்டி உட்கார்ந்துகொண்டு கிராபிக்ஸ் பற்றி இன்னும் கத்துகிறார். அந்த வீட்டுக்கு வந்துபோன சொந்தக்காரர்கள் எல்லாரும் "நல்லாருக்கியா?" என்றுதான் கேட்டார்கள், நானும் தலையாட்டினேன். அடிக்கிறானா என்று கேட்டவர் இவர் ஒருவர்தான்.

அன்று அவரிடம், "ஆமாண்ணே" என்றேன்.