அப்பா திருந்திய காட்சி

சென்ற வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சி. திருச்சி தியேட்டர் ஒன்றில் அம்மா, தங்கை, நான் மூவரும் உட்கார்ந்திருந்தோம். படத்தில் நடித்த அப்பா இல்லை.

மார்க்கெட்டில் வாழைத்தார் இறக்கும் வேலை அவருக்கு. ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடம் மணலில் போர்ப் படம் எடுக்க வந்தவர்கள், அவர் உடல்வாகைப் பார்த்துச் சிப்பாய் வேடம் கொடுத்தார்கள். தளபதிக்கு விசுவாசமாக இருந்தவன், எதிரியிடம் அவரைக் காட்டிக்கொடுத்து, கடைசியில் மனம் திருந்தி, அவருக்கு வந்த குண்டைத் தன் மார்பில் வாங்கிச் சாகிற வேடம். படம் சென்சாரில் சிக்கிக் கிடந்தபோதே அப்பா மாரடைப்பில் போய்விட்டார். அவர் நடமாடும் வீடியோ எங்களிடம் ஒன்றுகூட இல்லை. அதனால் இந்தப் படத்தைத்தான் அம்மா நம்பியிருந்தார். தெரு முழுக்கச் சொல்லியும் வைத்திருந்தார்.

அப்பா காட்டிக்கொடுக்கும் காட்சி வந்தது. பின்வரிசையில் ஒருவர், "கூட இருந்தே குழி பறிக்கிறான் பாரு, நாயி" என்றார். தங்கை வெடுக்கென்று திரும்பினாள். அம்மா அவள் கையைப் பிடித்து, "பேசாம இருடி. கடைசில வருவாரு. அப்ப இவங்களே கை தட்டுவாங்க" என்றார்.

போர் முடிந்தது. தளபதி தனியாக நடந்து போனார். பெயர்கள் ஓடி, விளக்கும் போட்டுவிட்டார்கள். பெருக்க வந்த பெண், "படம் முடிஞ்சிருச்சுக்கா" என்ற பிறகுதான் அம்மா எழுந்தார்.

மறுநாள் உதவி இயக்குநருக்கு போன் செய்தேன். "ரத்தம் ஜாஸ்தின்னு அந்த சீனைத் தூக்கச் சொல்லிட்டாங்க தம்பி. என்ன பண்றது" என்றார். வெட்டியதையாவது தரச் சொல்லிக் கேட்டேன். அழித்தாகிவிட்டதாம். அம்மா நம்பவில்லை. "நீ படிச்சவன்தானே, எழுதிக் கேளுப்பா" என்றார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். படம் எடுத்த கம்பெனிக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிப் பார்த்தேன். பதில் வரவில்லை.

ஒருநாள் மளிகைக் கடையில், "என்னக்கா, ஒங்க வீட்டுக்காரரு தளபதிய இப்படிக் கவுத்துட்டாரே" என்று கடைக்காரர் விளையாட்டாகக் கேட்டார். அம்மாவும் சிரித்துக்கொண்டே, "கடைசில திருந்திருவாருங்க" என்றார்.

"எங்க திருந்துனாரு? நாங்கதான் முழுப்படமும் பாத்தோமே."

அதற்குப் பிறகு அம்மா அப்பாவைப் பற்றி யாரிடமும் பேசுவதில்லை, என்னிடம்கூட. அப்பா இறந்தபோது அவரை மட்டும்தான் இழந்தோம். அந்தப் படம் வந்த பிறகு அவரைப் பற்றிய பேச்சையும் சேர்த்து இழந்துவிட்டோம்.