ஆறு கதவு, ஆறு கால்மிதி

எங்கள் வீட்டில் எந்தத் துணிக்கும் சாவே கிடையாது. என் ஓரகத்தி விடமாட்டாள். நீள பேன்ட்டைக் குட்டையாக்கித் தரும் கடையில் அவளுக்கு வேலை. வெட்டிப்போட்ட துண்டுகளை முதலாளி குப்பைக்கு அனுப்புமுன் இவள் தன் பைக்குள் அனுப்பிவிடுவாள். வீட்டுக்கு வந்தால் அடுத்த வேட்டை எங்கள் அலமாரியில். அவள் புருஷனின் சட்டை தலையணை உறையாகும். சட்டைப் பொத்தானே உறைக்கும் பொத்தான். என் புருஷனின் ஜீன்ஸ் காய்கறிப் பையாகும். சூடான பாத்திரம் இறக்க ஒரு பிடிதுணி இருக்கிறது, அது என் கல்லூரிக்கால ஸ்வெட்டர். பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

வந்த புதிதில் அவளை 'நீங்க' என்றுதான் சொன்னேன். சண்டை போட்டுப் போட்டு இரண்டே மாதத்தில் 'நீ' ஆகிவிட்டது.

“அக்கா, என் வெல்வெட் சட்டை எங்க?”

“முழங்கையில ஓட்டை இருந்துச்சே.”

“ஓட்டை இருந்தா? நான் என்ன செத்தா போயிட்டேன்?”

“நீ இருக்க. சட்டைதான் போயிடுச்சு,” என்று சொல்லிவிட்டு ஊசியில் நூல் கோக்கப் போய்விட்டாள். இவளோடு யார் மல்லுக்கட்டுவது!

எங்கள் மாமனாருக்கு அந்த வருஷம் பார்வை போய்க்கொண்டிருந்தது. வெளிச்சம் தெரியும், கதவு தெரியாது. எங்கள் மாடி வீட்டில் கூடத்தைச் சுற்றி ஆறு கதவு, ஆறும் ஒரே மாதிரி. பாத்ரூமுக்குப் போகக்கூட அவர் யாரையாவது கூப்பிட வேண்டும். முப்பது வருஷம் லாரி ஓட்டிய மனுஷன், மருமகளைக் கூப்பிடக் கூச்சம். அதற்கு அவர் கண்டுபிடித்த வழி, தண்ணீர் குடிப்பதையே நிறுத்தியது. நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. காலையில் நிரப்பி வைத்த கூஜா மாலையிலும் அப்படியே இருப்பதை அக்காதான் பார்த்தாள்.

அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த வாரம் முழுக்கத் தையல் மெஷின் ஓடியது. ஞாயிற்றுக்கிழமை ஆறு கதவுக்கு முன்னாலும் ஆறு கால்மிதி. பாத்ரூமுக்கு, தடித்த தையல்கள் வரிவரியாக நிற்கும் ஜீன்ஸ். சமையலறைக்குப் பழைய குளியல் துண்டு. வாசலுக்கு, பேன்ட் துண்டுகளை ஜடையாகப் பின்னிய முரட்டு மிதி. எங்கள் அறைக்கு வழவழவென்று கோட்டு லைனிங். அவள் அறைக்குக் கம்பளி சாக்ஸ். மாமா அறைக்கு என் வெல்வெட்!

“மாமா, செருப்பைக் கழட்டிட்டு ஒரு நடை நடந்து பாருங்க,” என்றாள்.

மூன்றே நாள். “இது யாரு, சின்னவளோட வெல்வெட்டா? அப்ப இது நம்ம ரூம்,” என்று கால்விரலால் தடவிவிட்டு ராஜா மாதிரி உள்ளே போவார். கூஜா ஒரு நாளைக்கு இரண்டு தடவை காலியானது. வெல்வெட் போன கோபம் எனக்கும் பாதி போய்விட்டது.

இவ்வளவு நல்ல காரியத்தைக் கெடுத்தது யார்? நான்தான். ஒரு நாள் ஆறையும் ஒன்றாகத் துவைத்துப் போட்டேன். காய்ந்ததும், எங்கே எது எடுப்பாக இருக்கும் என்று பார்த்து, நிறம் சேர்த்து அழகாக விரித்தேன். நீல ஜீன்ஸ் வாசலுக்கு. என் ரசனையில் இடி விழ!

மாமா தோளில் துண்டும் கையில் சோப்பு டப்பாவுமாக வந்து ஜீன்ஸை மிதித்தார், கதவைத் திறந்தார், போய் நின்றது மாடிப்படி முனையில். எதிர்வீட்டு டீச்சர் படியேறி வந்துகொண்டிருந்தார்.

“எங்க சார் கெளம்பிட்டீங்க?”

“குளிக்க,” என்றார் மாமா.

டீச்சர் சிரித்துவிட்டார். எனக்கும் அடக்க முடியவில்லை. மாமா சிரிக்கவில்லை. இன்னும் ஒரு எட்டு வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

அன்று நாற்காலியில் உட்கார்ந்தவர்தான். கால்மிதிகளை அக்கா பழையபடி போட்டாள், அவர் எழவில்லை. “இனிமே எதை நம்பிக் காலை வைக்கிறது?” என்று மட்டும் கேட்டார். மறுநாளும் தண்ணீரைத் தொடவில்லை. பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வைக்கலாம் என்றார் என் புருஷன். அதைக் கேட்டு மாமா முகம் சுருங்கிப்போனது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“அழுது என்ன ஆகப்போகுது? கலைச்சவ நீ. நீயே சரி பண்ணு,” என்று சொல்லிவிட்டு அக்கா கூடத்து மெஷினில் உட்கார்ந்து தைக்க ஆரம்பித்தாள்.

மாமாவின் மஃப்ளரை எடுத்து என் கண்ணை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். “மாமா, எல்லாம் பழையபடி இருக்கு. நானே கண்ணைக் கட்டிட்டு நடந்து பாத்துச் சொல்றேன்.”

நாலடி போயிருப்பேன், மேசையில் இடித்துக்கொண்டேன். அடுத்து காலடியில் ஏதோ சொரசொரத்தது. “வாசல்!” என்றேன்.

“வாசலா? மண்ணாங்கட்டி!” நாற்காலியிலிருந்து குரல் வந்தது. “வாசல்னா உன் குரல் இன்னும் தூரத்துல கேக்கும். அது துண்டுடி, சமையலறை.”

“இல்ல மாமா, முரடா இருக்கு.”

“துண்டுல நூலு சுருள் சுருளா நிக்கும். விரலை மடக்கிப் பாரு.”

பார்த்தேன். துண்டுதான். வெட்கம் பிடுங்கித் தின்ன, வேகமாகத் திரும்பினேன். நெற்றி சுவரில் மோதியது.

“இவளை விட்டா மண்டையை உடைச்சுப்பா!” நாற்காலி கிறீச்சிட்டது. மாமா வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். “கட்டை அவுக்காத. வா.”

துண்டு, வெல்வெட், கம்பளி என்று சொல்லிக்கொண்டே கூட்டிப்போனார். வரிவரியான ஜீன்ஸ் மேல் நிறுத்தினார். அவரும் விரலை மடக்கி இரண்டு தடவை தேய்த்துப் பார்ப்பது கேட்டது.

“இங்கயே நில்லு. நான் போயிட்டு வரேன்.”

கதவு மூடியது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. கூடத்தில் மெஷின் நின்றுபோய், அக்கா மூக்கை உறிஞ்சினாள். நான் கட்டை அவிழ்க்கவில்லை. அவர் வந்துதானே என்னைத் திரும்பக் கூட்டிப்போக வேண்டும்.