வருவதற்கு முன்பே வந்துவிட்டவர்

எங்கள் தெருவில் விசைத்தறிகள் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றால் ஒன்று கரண்ட் போயிருக்க வேண்டும், இல்லை தெருவில் யாராவது தவறியிருக்க வேண்டும். அன்றைக்கு இரண்டும் இல்லை. டிவிக்காரர்கள் வந்திருந்தார்கள். தறிச் சத்தத்தில் மைக்கில் பேச்சே விழவில்லை என்று வீடு வீடாகப் போய் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். எனக்கு அந்த அமைதி பிடிக்கவில்லை. இழவு வீட்டு வாசலில் நிற்பது போலவே இருந்தது.

என் வீட்டுக்காரர் ரிக் வண்டியில் டிரில்லர். ஆட்டையாம்பட்டியிலிருந்து ஆப்பிரிக்காவுக்கு போர்வெல் போடப் போயிருந்தார். போன இடத்தில் அந்த நாட்டுப் படைகளே இரண்டாகப் பிரிந்து சுட்டுக்கொள்ள ஆரம்பித்தன. இவரும் கூட வேலை பார்த்தவர்களும் ஒரு தகரக் கொட்டகைக்குள் மாட்டிக்கொண்டார்கள். நம் ஆட்களை அழைத்துவர விமானம் போனது உண்மைதான். ஆனால் இவர்களுடைய பாஸ்போர்ட்டுகளை வேலைக்குச் சேர்ந்த அன்றே முதலாளி வாங்கி அங்கேயே ஒரு பீரோவில் பூட்டியிருந்தான். சண்டை வந்ததும் சாவியோடு ஓடிவிட்டான். பாஸ்போர்ட் இல்லாமல் இவர்களால் விமானம் ஏற முடியவில்லை. அடுத்தவர் பாஸ்போர்ட்டைப் பூட்டிவைக்க எவனுக்கும் உரிமை கிடையாது என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. அதுவரை, பத்திரமாக இருக்கட்டும் என்று செய்த நல்ல காரியம் என்றே நினைத்திருந்தோம்.

டிவிக்காரர் என்னிடம்தான் முதலில் மைக்கை நீட்டினார். பாஸ்போர்ட் விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். அவருக்கு அது வேண்டியிருக்கவில்லை. என் மாமியார் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அம்மா, உங்க பையன் வந்தப்புறம் மறுபடி இவ்வளவு தூரம் வர எங்களுக்குத் தோதுப்படாது. வந்தா என்ன சொல்வீங்களோ, அதை இப்பவே சொல்லிடுங்க. அவர் வந்தப்புறம்தான் போடுவோம்."

"வேண்டாங்க அத்தை" என்று நான் கையைப் பிடித்தேன். மாமியார் என் காதருகே குனிந்தார்.

"ஊட்டுக்கு வந்தவங்க கேக்கறாங்கல்ல சாமி. மூஞ்சில அடிச்ச மாதிரி மாட்டேங்கறதா?"

வந்தவர்களுக்கு முறுக்கும் காப்பியும் கொடுத்தவர், கேட்டதையும் கொடுத்தார். "எம்பட பையன் நல்லபடியா வந்து சேந்துட்டானுங்க. கூட்டியாந்தவங்களுக்குக் கோடிப் புண்ணியமுங்க" என்று கேமராவைப் பார்த்துக் கும்பிட்டார். கண்ணீர் தாரை தாரையாக வந்தது. அதில் பொய்யே இல்லை. மகனை வாசலில் பார்ப்பதாகவே நினைத்துக்கொண்டு அழுதார்.

அன்று சாயங்காலமே போட்டுவிட்டார்கள். கீழே, 'அனைவரும் மீட்பு, சேலத்துத் தாய் ஆனந்தக் கண்ணீர்' என்று ஓடியது. சொந்தக்காரர்கள் போன் போட்டு வாழ்த்தினார்கள். அவர் இன்னும் வரவில்லை என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். டிவி ஆபீசுக்குப் போன் செய்தால், "பாக்கறோம் மேடம்" என்றார்கள். அப்புறம் எடுப்பதையே விட்டுவிட்டார்கள்.

நடுவில் ஒருமுறை லைன் கிடைத்தது. என் வீட்டுக்காரர்தான்.

"ஏம்புள்ள, நான் ஊட்டுக்கு வந்துட்டனாமா? இங்க ஒருத்தன் போன்ல காட்டறான். சோறு கீறு ஆக்கிப் போட்டியா?"

சிரிக்கத்தான் பார்த்தார். பின்னால் வெடிச் சத்தம் கேட்டது. லைன் போய்விட்டது.

சேலத்துக்குப் பஸ் ஏறி, அவரை மீட்டு வரச் சொல்லி முன்பே மனு கொடுத்திருந்த ஆபீசுக்கே போனேன். அங்கிருந்த அதிகாரி கெட்டவர் இல்லை. உட்காரச் சொன்னார். உட்கார முடியவில்லை எனக்கு.

"உங்க மாமியாரே டிவில சொன்னாங்களேம்மா. வந்துட்டாருன்னு மேலே சொல்லியாச்சு."

"வரலைங்க. சும்மா சொல்லச் சொல்லி எடுத்தாங்க."

"அப்ப வரலைன்னு அவங்களையே சொல்லச் சொல்லுங்க. மேலே அனுப்பிப் பாக்கறேன்."

மறுபடியும் தெருவில் தறிகளை நிறுத்தச் சொன்னேன். என் செல்போனில் நானே எடுத்தேன். மாமியார் "எம்பட பையன் இன்னும்..." என்று தொடங்கித் தொடங்கி நின்றார். அந்த வார்த்தையைச் சொன்னால் பலித்துவிடுமோ என்று பயம். ஒரு வழியாகச் சொல்லி முடித்தபோது கண்ணில் ஒரு சொட்டு இல்லை. அதைச் சேலத்துக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். அதிகாரி இரண்டு வீடியோவையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "முதல்ல பேசினதுதான்மா நிஜம் மாதிரி இருக்கு" என்றார். அந்த மேஜையைக் கவிழ்த்துவிடலாமா என்றிருந்தது. வெளியே வந்து பஸ் ஏறினேன்.

அடுத்த முறை லைன் கிடைத்தபோது என் வீட்டுக்காரரிடம் மறைக்காமல் சொன்னேன். இங்கே நீங்கள் வந்தாகிவிட்டது, இனி உங்களைத் தேடி யாரும் வர மாட்டார்கள் என்றேன். "சரி, நாங்க பாத்துக்கறோம்" என்றார். பாறையைத் துளைக்கிறவர்களுக்குப் பீரோ ஒரு பொருட்டே இல்லை. முதலாளி பொருள் என்று அதுவரை கை வைக்காமல் இருந்திருக்கிறார்கள். உடைத்துப் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு, சரக்கு லாரியில் எல்லை தாண்டினார்கள்.

அவர் வந்தது ஒரு சாதாரண முற்பகலில். தெரு முழுக்கத் தறி ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் நின்று கூப்பிட்டது எங்களுக்குக் கேட்கவே இல்லை. உள்ளே வந்து என் முன்னால் நின்றார். பாதி ஆளாகியிருந்தார். நான் தறியை நிறுத்தப் போனேன். மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஓடட்டும் உடு, சாமி. நிறுத்துனா எவனாச்சும் கேமராவத் தூக்கீட்டு வந்துருவான்."

பிறகு மகனின் கன்னத்தைத் தடவினார். தோளைத் தடவினார். மறுபடி கன்னத்துக்கே வந்தார். மாமியாரின் முகம் அழத்தான் கோணியது, ஆனால் எதுவும் வரவில்லை. மிரண்டுபோய் என்னைப் பார்த்தார்.

"அளுகை வரமாட்டீங்குது, கண்ணு. அன்னைக்கே எடுத்துட்டுப் போயிட்டாங்க."